பேட்டரி தீரும் முன்னே: 27 பழைய கேசட்டுகளை ஆடி முடிக்கும் வேலை

பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கும் அம்மா வீட்டுக்குச் சாயம் பூச ஏற்பாடு செய்தபோது, அலமாரிகளைக் காலி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. சமையலறைக்குப் பின்னால் உள்ள மர அலமாரியின் மேல்தட்டில், பழைய தமிழ் நேசன் தாள்களில் சுற்றி வைத்த, ஜப்பானின் நிந்தெண்டோ நிறுவனம் செய்த சூப்பர் ஃபாமிகாம் வீடியோ கேம் கருவி ஒன்றும், சதுர பிஸ்கட் தகரம் ஒன்றில் அதில் செருகி ஆடும் 27 ஆட்டக் கேசட்டுகளும் இருந்தன. 1995ஆம் ஆண்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த என் அண்ணன், தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்தக் கருவியைப் இரண்டாம் கை விலைக்கு வாங்கி வந்தார். அப்போது நான் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த 27இல் நாங்கள் முடிவுவரை ஆடிய ஆட்டங்கள் நான்குதான் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்ற 23 ஆட்டங்களும் எங்கோ ஓரிடத்தில், ஏதோ ஓர் அரக்கனின் முன்னால், அப்படியே நின்றுபோயின.

அந்த 23 ஆட்டங்களையும் அதே கருவியில், அதே கேசட்டுகளில் ஆடி முடிப்பது என்று முடிவு செய்து 14 மாதம் ஆகிறது. 11 முடிந்துவிட்டன, இரண்டைத் தள்ளி வைத்துவிட்டேன், 10 மீதமிருக்கின்றன. இதே ஆட்டங்களைக் கணினியில், பழைய கருவியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் வழியாக ஆடுவோர் பலர் என் நண்பர்களிலேயே உண்டு. அது சிறந்த வழிதான், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் கேசட்டுகளுக்குள் நாங்கள் சேமித்து வைத்த ஆட்டங்கள் இருந்தன. அவற்றைக் காப்பாற்றி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்த ஆசையே, ஆடும் வரிசையைத் தீர்மானிக்கும் உரிமையை என் விருப்பத்திடமிருந்து பறித்து, பேட்டரியின் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரின் கையில் கொடுத்தது.

சேமிப்பு என்பது எங்களுக்கு எத்தனை பெரிய விஷயமாக இருந்தது என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். அதற்கு முன்பு எங்கள் வீட்டில் இருந்தது மைக்ரோ ஜீனியஸ். நிந்தெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்யப்பட்ட அந்தக் கருவி, அக்காலத்தில் பினாங்கில் எங்கள் வயதுப் பிள்ளைகளின் வீடுகளில் சாதாரணமாகக் காணப்பட்டது. ஒரே கேசட்டில் பல ஆட்டங்களை அடைத்து விற்றார்கள். எங்களிடம் இருந்த அத்தகைய கேசட் எதிலும் சேமிக்கும் வசதி இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கருவியை அணைத்தால், மறுநாள் முதல் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜப்பானிலும் முதலில் இதே சிக்கல் இருந்தது. 1986இல் வந்த முதல் டிராகன் குவெஸ்ட் ஆட்டத்தில், ஆட்டத்தை நிறுத்தும்போது திரையில் காட்டும் 20 எழுத்து மந்திரச் சொல்லைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் ஓர் எழுத்தும் பிசகாமல் உள்ளிட வேண்டும். அடுத்த பாகத்தில் அந்தச் சொல் 52 எழுத்துகள்வரை நீண்டது. 1988இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் கேசட்டுக்குள் பேட்டரி வைத்து, "சாகசப் பதிவு" என்ற பெயரில் ஆட்டத்தை அங்கேயே சேமித்தார்கள். அந்தப் பேட்டரிச் சேமிப்பு அழிந்துபோனால், சாபம் விழும்போது ஒலிக்கும் அதே இசையோடு, "வருந்துகிறோம், சாகசப் பதிவு 1 அழிந்துவிட்டது" என்ற பொருளில் ஒரு வரி திரையில் வரும். அந்தத் தலைமுறை ஜப்பானியர்களுக்கு அது மறக்க முடியாத வரி.

சூப்பர் ஃபாமிகாம் 1990 நவம்பர் 21 அன்று வெளிவந்தபோது பேட்டரிச் சேமிப்பு பரவலாகிவிட்டிருந்தது. என் 27 கேசட்டுகளில் 16 பேட்டரி உள்ளவை, நான்கு கடவுச்சொல் கேட்பவை, மீதி ஏழு எதையும் சேமிக்காதவை. பேட்டரி உள்ளவற்றின் உள்ளமைப்பு எளிமையானது. ஆட்டம் ஒரு சில்லில் நிரந்தரமாக இருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. சேமித்த தகவல் மட்டும் வேறொரு சிறு நினைவுச் சில்லில் இருக்கிறது. அதற்கு மின்சாரம் ஒரு கணம் நின்றாலும் எல்லாம் போய்விடும். கருவி ஓடும்போது 5 வோல்ட் மின்சாரம் அந்தச் சில்லுக்குப் போகிறது. அணைத்தவுடன், சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. பல கேசட்டுகளில் அந்த நினைவின் அளவு 8 கிலோபைட்தான், சூப்பர் மாரியோ வேர்ல்டில் வெறும் 2 கிலோபைட். இத்தகைய பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர்-மணி. சில்லு 1 மைக்ரோஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் 25 ஆண்டு வருகிறது. எங்கள் கேசட்டுகள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டன என்பதை உணர்ந்த அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

முதலில் கருவியையே உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. ஜப்பானியக் கருவியாதலால் அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டு 240 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். அண்ணன் அக்காலத்தில் ஒரு கனமான டிரான்ஸ்ஃபார்மரை இடையில் வைத்திருந்தார். அது இப்போது எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. கருவிக்குள் போவது ஏறத்தாழ 10 வோல்ட் நேர்மின்சாரம்தான் என்பதால், 240 வோல்ட் ஏற்கும் புதிய அடாப்டர் போதும் என்று முடிவு செய்து, லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய அடாப்டர்கள் குவிந்திருந்த ஒரு விரிப்பில் 9 வோல்ட் அடாப்டர் ஒன்றை வாங்கினேன். வோல்ட்டைப் பார்த்த நான் முனையைப் பார்க்கவில்லை. சூப்பர் ஃபாமிகாமின் செருகியில் நடுமுனை எதிர்மின், வெளிவளையம் நேர்மின். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்கள் இதற்கு நேர்மாறானவை. செருகினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். உள்ளே திறந்து மல்டிமீட்டரால் தொடர்ச்சி பார்த்தபோது, பலகையின் ஓரத்தில் மின்தடை போன்ற உருவத்தில் இருக்கும் 1.5 ஆம்பியர் ஃபியூஸ் அறுந்திருந்தது. தலைகீழ் மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொண்டு மற்றச் சில்லுகளை அது காப்பாற்றியிருக்கிறது. அதே அளவுள்ள ஃபியூஸை வைத்துப் பற்றவைத்து, நடுமுனை எதிர்மின்னாக உள்ள அடாப்டரைத் தேடி வாங்கி, மின்சீராக்கியின் வெளிமுனையில் 5.02 வோல்ட் வருவதைப் பார்த்த பிறகுதான் கேசட்டைச் செருகினேன். பழைய ஜப்பானியக் கருவி வாங்குகிறவர்கள் அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அந்தச் சின்ன வட்டக்குறியை முதலில் பார்க்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

தொலைக்காட்சி எளிதாக அமைந்தது. பக்கத்து வீட்டு அத்தை, வெளியே போட வைத்திருந்த 21 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சியைக் கொடுத்தார். அது ஜப்பானிய என்டிஎஸ்சி நிறமுறையையும் ஏற்கிறது. நொடிக்கு 60 முறை படம் மாறும் வேகத்தையும் ஏற்கிறது. தட்டைத் திரையில் பொத்தானை அழுத்துவதற்கும் மாரியோ குதிப்பதற்கும் இடையே உணரக்கூடிய தாமதம் இருந்தது. குழாய்த் திரையில் அது இல்லை.

அடுத்து கேசட்டுகள். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டைத் தொடும், போதாததற்குக் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். தகரத்துக்குள் இருந்தும்கூட, கேசட்டுகளின் தங்க முலாம் பூசிய தொடுமுனைகளில் பழுப்பும் கருப்புமாகப் படலம் படிந்திருந்தது. சிறுவயதில் ஆட்டம் வராவிட்டால் கேசட்டை வாயருகே வைத்து ஊதுவோம். அப்படி ஊதிய ஒவ்வொரு முறையும் எச்சில் ஈரத்தை நாமே உள்ளே அனுப்பினோம். நிந்தெண்டோவே ஊத வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. இப்போது நான் செய்வது இதுதான்: 3.8 மில்லிமீட்டர் அளவில், நடுவே குழிவுள்ள சிறப்புத் திருப்புளியால் கேசட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றி, பலகையை வெளியே எடுத்து, 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காதுப் பஞ்சுக்குச்சியால் தொடுமுனைகளை ஒரே திசையில் துடைக்கிறேன். முதல் குச்சி கருத்துப்போகும், நான்காவது குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை நிறுத்துவதில்லை. பென்சில் அழிப்பானால் தேய்க்கச் சொல்கிறவர்கள் உண்டு; அது படலத்தோடு முலாமையும் சேர்த்தே அகற்றும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. ஒரு கேசட்டை மட்டும் திறந்தபோது உள்ளே கருப்புத் தார்த் துளி போன்ற ஒரு சில்லு இருந்தது, பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நாங்கள் அசல் என்று நம்பி வாங்கிய நகல் அது. ஏன் அதில் சேமிப்பு நிற்கவில்லை என்ற பழைய கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. அதைச் சேமிக்காத ஏழில் ஒன்றாகவே எண்ணியிருக்கிறேன்.

துடைத்து முடித்த அன்றே, பேட்டரி உள்ள 16 கேசட்டுகளிலும் பேட்டரியின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அளந்து, ஒரு நோட்டுப்புத்தகத்தில் வரிசையாக எழுதினேன். மூன்று கேசட்டுகள் 1 வோல்ட்டுக்கும் கீழே. அவற்றில் காப்பாற்ற எதுவும் இல்லை. மற்ற 13உம் உயிரோடு இருந்தன. நினைவுச் சில்லுக்கு ஏறத்தாழ 2 வோல்ட்வரை தாங்கும் திறன் உண்டு என்பதால், 2.31, 2.44, 2.52 என்று காட்டிய மூன்றும் விளிம்பில் நின்றன. அவற்றை அடுத்து 2.71 காட்டியது சூப்பர் மாரியோ வேர்ல்ட். மற்றவை எல்லாம் 2.85க்கு மேல்.

பேட்டரியை மாற்றும்போது சேமிப்பு அழியாமல் இருக்க வேண்டுமானால், பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை வைக்கும்வரை வேறெங்கிருந்தாவது மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். கேசட்டைக் கருவியில் செருகி, கருவியை ஓடவிட்டபடியே பற்றவைப்பது ஒரு வழி. ஓடும் கருவியின் மேல் சூடான சால்டரிங் கோலோடு குனிவதை நான் விரும்பவில்லை. ஒரு துளி ஈயம் தவறி விழுந்தால் கருவியும் போகும், கேசட்டும் போகும். ஆகவே இரண்டு ஏஏ பேட்டரிகளை ஒரு பிடிப்பானில் வைத்து, இரண்டு மெல்லிய கம்பிகளால் பலகையின் பின்புறத்தில் பேட்டரிப் புள்ளிகளோடு இணைத்தேன். நேர்மின் கம்பியில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4148 என்ற சிறு டையோடு ஒன்றையும் சேர்த்தேன். புதிய ஏஏ இரண்டும் சேர்ந்தால் 3.2 வோல்ட் வரும், அது தேய்ந்த பழைய பேட்டரிக்குள் வேகமாகப் பாயக் கூடாது. புதிய காசு பேட்டரியை வைத்தபின் அதிலிருந்து மின்சாரம் ஏஏ பக்கம் திரும்பியும் போகக் கூடாது. டையோடு இந்த இரண்டையும் ஓரளவு பார்த்துக்கொள்கிறது.

முதல் மூன்றையும் ஒரே இரவில் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு ஒழுங்காக முடிந்தன. மூன்றாவது, 2.52 காட்டிய செல்டா. 1991இல் ஜப்பானில் வந்த அந்த ஆட்டத்தில், 1996இல் நான் இருள் உலகத்தில் ஐந்தாம் கோட்டைவரை போய்ச் சேமித்து வைத்திருந்தேன். மணி ஒன்றரை. கண் எரிந்தது, இருந்தாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. பழைய பேட்டரியின் தகட்டைத் தூக்கும்போது பலகை சற்றே நகர்ந்தது, பின்புறத்தில் நான் அரைகுறையாகப் பற்றவைத்திருந்த கம்பி விடுபட்டது. மல்டிமீட்டர் சுழியம் காட்டியது. அது ஒரு நொடிகூட இருந்திருக்காது. புதிய பேட்டரியை வைத்து, கேசட்டைச் செருகிப் பார்த்தபோது மூன்று சேமிப்பு வரிசைகளும் வெறுமையாக இருந்தன.

அன்றுதான் ஒரு விதியை வைத்துக்கொண்டேன். ஒரு கேசட்டின் பேட்டரியை மாற்றினால், அந்த ஆட்டத்தை முடிக்கும்வரை அடுத்த பேட்டரியில் கை வைக்கக் கூடாது. விளிம்பில் இருந்த மூன்றும் முடிந்துவிட்டதால் மற்றவை சில மாதங்கள் காத்திருக்கலாம். ஒவ்வொன்றும் ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறை, பகல் வெளிச்சத்தில், களைப்பில்லாத கையால் நடக்க வேண்டும். 23 ஆட்டங்கள் என்ற எண்ணிக்கையைப் பார்த்தால் வரும் பரபரப்புக்கும் இந்த விதி நல்ல மருந்தாக இருந்தது. முன்னால் எப்போதும் ஒரே ஓர் ஆட்டம்தான் இருக்கும். செல்டாவையே முதலில் எடுத்து, முதல் காட்சியின் மழையிலிருந்து மறுபடி தொடங்கி, ஆறு வாரத்தில் முடித்தேன். ஐந்தாம் கோட்டையைத் தாண்டிய இரவு, 1996இல் என்னைத் தடுத்து நிறுத்தியது அரக்கனல்ல, நான் தேடிப் பார்க்காமல் விட்ட ஓர் அறைதான் என்று தெரிந்துகொண்டேன்.

சூப்பர் மாரியோ வேர்ல்டுக்கு வந்தபோது கை பழகியிருந்தது. அதன் சேமிப்புத் திரையில் மூன்று வரிசைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் அதுவரை கண்டுபிடித்த வெளிவழிகளின் எண்ணிக்கை தெரியும். ஆட்டத்தில் மொத்தம் 96. முதல் வரிசை அண்ணனுடையது. அதில் 71 என்று இருந்தது. பேட்டரியைத் தொடுவதற்கு முன் ஜொகூர் பாருவில் இருக்கும் அவருக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அண்ணே, உங்க 71 அப்படியே இருக்கு."

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "பேட்டரி எவ்வளவு காட்டுது தம்பி?" என்று கேட்டார்.

"2.71."

"அயர்ன் பிளக்கைப் புடுங்கிட்டு வை. சூடு இருக்கும்போதே தொட்டு எடுத்துரு. பின்பக்கக் கம்பிய ஒட்டுறதுக்கு முன்னால டேப் போட்டு மேசையில இறுக்கிக் கட்டு, அதுதான் முக்கியம்."

தொழிற்சாலையில் பல ஆண்டுகள் பலகைகளைப் பழுது பார்த்தவர் சொன்ன அறிவுரை அது. செல்டாவை நான் இழந்ததற்கு வெறும் களைப்பு மட்டும் காரணமல்ல என்பதும் அப்போதுதான் புரிந்தது. சனிக்கிழமை காலை, ஜன்னலோரம் மேசையைப் போட்டேன். பலகையின் நான்கு மூலைகளையும் ஒட்டுநாடாவால் மேசையோடு பிணைத்தேன். துணைக் கம்பிகளைப் பற்றவைத்து, அவற்றையும் ஒரு விரல் தூரத்தில் நாடா போட்டு ஒட்டினேன், இழுபட்டாலும் இழுப்பு இணைப்புவரை போகாது. துணை மின்சாரம் சேர்ந்ததும் மல்டிமீட்டர் 2.71இலிருந்து 2.84க்கு ஏறியது. சால்டரிங் கோலை நன்றாகச் சூடாக்கி, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, பழைய பேட்டரியின் எதிர்மின் தகட்டில் சற்றுப் புதிய ஈயத்தை உருக்கி ஊட்டினேன். இந்தப் பழைய ஈயம் லேசில் இளகாது. புதியதைக் கலந்தால்தான் ஒரேயடியாக நெகிழ்ந்து கொடுக்கும். தகடு மெல்ல எழுந்தது. பிறகு நேர்மின் தகடு. பேட்டரி கையோடு வந்தபோது நான் மூச்சுவிடாமல் மீட்டரைப் பார்த்தேன்: 2.87. துணை மின்சாரம் தாங்கிக்கொண்டிருந்தது.

புதிய பேட்டரி தகடு பொருத்தியே விற்கும் வகை. வெறும் காசு பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைப்பது ஆபத்து. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கவும் கூடும், வெடிக்காவிட்டாலும் ஆயுள் குறையும். பலகையில் அச்சிட்டிருந்த கூட்டல் குறியை விரலால் தொட்டு மீண்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு இரண்டு தகடுகளையும் பற்றவைத்தேன். 3.24. துணைக் கம்பிகளைக் கழற்றினேன். அப்போதும் 3.24. ஆல்கஹாலால் பிசினைத் துடைத்து, ஓடுகளை மூடி, கருவியில் செருகினேன். முதல் வரிசையில் 71 இருந்தது. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். மூன்று நாள் கேசட்டைத் தொடாமல் வைத்திருந்து, மறுபடி பார்த்து, அப்போதும் 71 இருந்த பிறகே நோட்டுப்புத்தகத்தில் "முடிந்தது" என்று எழுதினேன். இந்த மூன்று நாள் சோதனையை நான் எந்தக் கேசட்டுக்கும் விடுவதில்லை.

இந்த மாதங்களில் ஆடிய மற்ற ஆட்டங்களில், மனத்தை ஆழமாகத் தொட்டது 1994இல் வந்த சூப்பர் மெட்ராய்டு. ஜப்பானியக் கேசட்டானாலும் அதன் கதை ஆங்கிலத்திலேயே ஓடும். ஜப்பானிய வரிகளை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற தேர்வு மட்டும் உண்டு. அதனால்தான் சிறுவயதில் அது எங்களுக்கு மற்றவற்றைவிட நெருக்கமாக இருந்தது. ஆனால் அந்த ஆட்டம் சொல்லிக்கொடுப்பதை எல்லாம் சொல்லாமலே சொல்லிக்கொடுக்கிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஒரு குழியின் அடியில் மூன்று சிறு பிராணிகள் சுவரிலிருந்து சுவருக்குத் தாவி மேலேறுகின்றன. வேறோரிடத்தில் நெருப்புக்கோழி போன்ற பறவை ஒன்று ஓடி, நின்று, சட்டென்று வானத்தை நோக்கிப் பாய்கிறது. ஒரு வார்த்தைகூட இல்லை. அவற்றைப் பார்த்து நாமும் செய்து பழகினால், நம்மிடம் ஏற்கெனவே இருந்த இரண்டு திறமைகள் நமக்குத் தெரியவரும். கடைசியில் கிரகம் வெடிக்கப் போகிறது, தப்பிக்க மூன்று நிமிடம்தான் இருக்கிறது. அந்த ஓட்டத்தில் பாதையை விட்டு விலகிப் போனால், அதே பிராணிகளும் அதே பறவையும் ஓர் அறையில் அடைபட்டிருக்கும். சுவரைச் சுட்டு உடைத்து அவற்றை வெளியே விடலாம். 1996இல் எனக்கு அப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது. இந்தமுறை 40 நொடி மிச்சமிருக்கும்போது அந்தச் சுவரை உடைத்தேன், என் கை வேர்த்திருந்தது.

கடவுச்சொல் ஆட்டங்களில் ராக்மேன் எக்ஸ் ஒரு வாரத்தில் முடிந்தது. 12 இலக்கக் கடவுச்சொல்லை அண்ணன் தன் கையெழுத்தில் கேசட் ஒட்டுத்தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார், அது இன்றும் வேலை செய்தது. எழுதிய தாளுக்குப் பேட்டரி தேவையில்லை. சேமிப்பே இல்லாத ஸ்டார் ஃபாக்ஸ் ஒரே அமர்வில் ஆடி முடிக்க வேண்டிய ஆட்டம். கேசட்டுக்குள்ளேயே முப்பரிமாணக் கணக்குப் போடும் சூப்பர் எஃப்எக்ஸ் சில்லு இருப்பதால் அதைத் துடைக்கும்போது சற்றுக் கூடுதல் கவனம் எடுத்தேன்.

தள்ளி வைத்த இரண்டில் ஒன்று 1992இல் வந்த டிராகன் குவெஸ்ட் ஐந்து. மூன்று தலைமுறைக் கதை, எதிரிகளாக வரும் பிராணிகளையே நம் படையில் சேர்த்துக்கொள்ளும் புதுமை என்று அதில் ஆசைப்பட நிறைய இருந்தது. ஆனால் சூப்பர் ஃபாமிகாமில் அது ஜப்பானிய மொழியில் மட்டுமே வெளிவந்தது. ஹிரகானாவும் கத்தகானாவும் படிக்கக் கற்றுக்கொண்டேன்; "தொடக்கத்திலிருந்து", "தொடர்ச்சியிலிருந்து" என்ற இரண்டு தேர்வுகளையும் இப்போது யோசிக்காமல் படிப்பேன். ஆனாலும் எழுத்தைக் கூட்டிப் படிப்பது வேறு, பொருள் புரிவது வேறு. கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவால் அந்தப் புள்ளி எழுத்துகளைச் சரியாகப் படிக்க முடியவில்லை. எட்டு மணி நேரம் ஆடிய பின்பும் அப்பாவும் மகனும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் போனது. கதை புரியாமல் அந்த ஆட்டத்தை முடித்ததாக எழுதிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. பேட்டரி புதிது, காத்திருக்கும்.

கேசட்டுகள் இப்போது ஓரம் ரப்பர் வைத்த நெகிழிப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு இருக்கின்றன. உள்ளே வைத்த சிறு ஈரப்பதமானி 45 காட்டுகிறது. 55ஐத் தாண்டினால் பைகளை மாற்றுகிறேன்.

தீபாவளிக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். காலை எண்ணெய்க் குளியல், கோயில், விருந்தினர் எல்லாம் முடிந்து, பிள்ளைகள் கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிய பிறகு, தொலைக்காட்சிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தார். முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்தார். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி உள்ள கட்டங்களில் மறைவான இரண்டாவது வெளிவழி உண்டு என்பதை அவர் மறந்திருக்கவில்லை. மாயக் காட்டில் ஒரு சாவியைத் தூக்கிக்கொண்டு அதன் துளைவரை போய்ச் சேர்ந்தபோது எண்ணிக்கை 72 ஆனது. கோட்டையையோ பேய் வீட்டையோ முடித்தால்தான் இந்த ஆட்டம் சேமிக்க இடம் தரும் என்பதால், பழைய பேய் வீடு ஒன்றுக்குள் திரும்பப் போய் வெளியே வந்து சேமித்தார். அன்றிரவும் மறுநாள் காலையும் ஆடினார். ஊருக்குக் கிளம்பும்போது 78.

அவர் போன பிறகு இரண்டாவது வரிசையில் நான் தொடங்கினேன். நட்சத்திர உலகத்தின் கடைசிக் கட்டங்களுக்கு மட்டும் மூன்று வாரம் பிடித்தது. என் வரிசையில் இப்போது 96 இருக்கிறது. முதல் வரிசை 78இலேயே இருக்கிறது, அதை நான் தொடவில்லை. அடுத்த கேசட்டின் பேட்டரி 2.86 காட்டுகிறது, சனிக்கிழமை காலை அதன் பலகையை மேசையில் ஒட்டுவேன்.